கொலம்பியாவின் மும்பை மையமும் நத்தத்து மாணவியும்



வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் நடத்தும் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்ற மையங்களைப் பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேசுகிறோம். தருமபுரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் அண்ணல் வழியாக வருகிறது.

நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் 2010இல் மும்பையில் ஓர் உலக மையத்தைத் திறந்தது. கருத்தரங்கு, ஆய்வு, மாணவர் வருகை என இரு நாட்டுக் கல்வியாளர்களையும் இணைப்பது அதன் வேலை. அதற்கு 97 ஆண்டுகளுக்கு முன்பே, 1913இல், அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போய்விட்டார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் ஆய்வரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியைக் கட்டிக்காக்கிறது என்று அங்கே நிறுவியபோது அவருக்கு வயது 25. சாதி மீறிய ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அதைக் கண்ட நமக்கு அந்தக் கட்டுரையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று நத்தத்து மாணவி ஒருத்தி இதையே கொலம்பியாவில் ஆராய விரும்பினால்? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 125 இடங்கள், அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. ஆனால் 2022இல் அதில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் கிடையாது. இவற்றை இங்கேயே படிக்கலாமே என்பது அரசுத் தரப்பு வாதம். இந்த விதி 1913இல் இருந்திருந்தால் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற தலைப்போடு அம்பேத்கர் விண்ணப்பித்திருக்கவே முடியாது. மன்னர் போடாத நிபந்தனையை மக்களாட்சி போடுகிறது! இதுவும் போதாதென்று, 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் ஒப்புதல் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

அயல்நாட்டு ஆய்வாளர்கள் நம் தெருவுக்கு வரட்டும். நம்மைப் பற்றி நேர்மையாக எழுதியவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் கேள்வி கேட்பவர் எப்போதும் அவர், பதில் சொல்பவர் எப்போதும் நம் ஆயா என்றால் அதைப் பரிமாற்றம் என்று எப்படிச் சொல்வது? நாமும் நோட்டுப்புத்தகத்தோடு அங்கே போக வேண்டும். அமெரிக்காவில் சாதி எப்படிக் குடியேறியது என்று நாம் போய் எழுத வேண்டும். 2023இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அங்கே எழுத ஏராளம் இருக்கிறது.

2022 விதியை நீக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசிடம் நம் கோரிக்கை. மும்பை மையத்திடமும் ஒன்று கேட்கிறோம்: அண்ணலைப் பற்றிய ஒரு கருத்தரங்கைத் தமிழில், தருமபுரியில் நடத்துங்கள். பைசுஹள்ளியில் பெரியார் பல்கலைக்கழக மையத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் கட்டுரை வாசிப்பார்கள், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

மாணவர்களே, மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயர் கொடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் மூன்றில் எது இல்லை என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.