பஸ் ஓடும் வீதியும் எங்கள் வளவும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் சொல்லுவா என்று நினைத்திருப்பீர்கள். இன்று வீடுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். போகப்போக அது என் தொழிலுக்கே வந்து சேரும்.

இணுவிலில் சீதனத்துக்குப் பிரித்துப் பிரித்தே வளவுகள் சிறுத்தன. பெருநகரங்களில் வீடுகளை நெருங்கவைப்பது ரயிலும் பஸ்ஸும். ரொறன்ரோவில் 1954 இல் யங் வீதியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. 1966 இல் புளோர் வீதியிலும் ஓடியது. அவற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில், செயின்ற் ஜேம்ஸ் ரவுணில், அறுபதுகளில் தொடர்மாடிகள் எழுந்தன. எண்பதுகளில் போயிறங்கிய எங்கள் சனம் கார் இல்லாமலே வேலைக்குப் போக அந்த ரயில்தான் உதவியது. வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் கடற்கரை ரயில். இடையிலுள்ள ஒழுங்கைகளில் தனிவீடுகளை இடித்துத் தொடர்மாடி கட்டினார்கள்.

இணுவிலுக்கும் 1902 இலேயே தண்டவாளம் வந்ததே! 1990 இல் ரயில் நின்று, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை திரும்பவும் ஓடியது. ஆனால் நாளுக்குச் சில தடவை வரும் ரயிலை நம்பி ஒருவரும் ஒன்பதாம் மாடியில் வீடு வாங்கமாட்டார்கள். காத்திராமல் ஏறக்கூடிய வண்டி வேண்டும். இங்கே அது காங்கேசன்துறை வீதி பஸ்தான். அதனால் வீதிக்கரையில் இரண்டு பரப்பு என்றாலும் போதும் என்று காணி தேடுகிறார்கள். உள்ளொழுங்கைகளில் பெரிய வீடுகளில் வயதான அம்மாமார் தனியே இருக்கிறார்கள். “பஸ்ஸடிக்கு நடக்கேலாது பிள்ளை” என்று கிளினிக்கைத் தவறவிட்டு, புண் பெருத்தபிறகு வருகிறார்கள். (நீரிழிவு வந்துவிட்டது, பார்த்தீர்களா!)

வெள்ளவத்தையில் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் இருக்கின்றன. எங்களுக்குக் கிணறும் மலக்குழியும்தான். இரண்டும் ஒரே சுண்ணாம்புக்கல்லில். அதன் வெடிப்புகளுக்குள்ளால் கழிவு சுலபமாக இறங்கிவிடும். சின்னத் துண்டுக் காணியில் உங்கள் குழி அயலவரின் கிணற்றடியில்தான் வரும்.

வெளிநாட்டுச் சகோதரிகளே, ஊர் வளவைத் துண்டாக்கி விற்கும் உறுதி உங்கள் கையெழுத்துக்கு வரும்போது, கிணறு எங்கே, குழி எங்கே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். உள்ளொழுங்கைகளுக்கு ஒரு சின்ன பஸ் கேட்டு, வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு எங்கள் சங்கம் எழுதுமென்றால், முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.