கொல்லையில் சவுக்கா, வெட்டிவேரா?



ஆளுக்கு ஒரு விஷயம் பேசணும்னு சொன்னாங்க. எனக்குப் பெரிசா பேச வராது. ஆனா இந்த வருஷம் கடன் மனு எழுதுற நேரத்துல, நாலஞ்சு குழுவில ஒரே கேள்வி வந்துச்சு. வீட்டுக்குப் பின்னால பத்து சென்ட், இருபது சென்ட் மணல் கொல்லை சும்மா கிடக்குது, அதுல சவுக்கு வைக்கலாமா, வெட்டிவேர் வைக்கலாமா? அதைப் பத்தியே பேசிடறேன்.

நம்ம கடலூர் கடலோரத்துல இந்த ரெண்டும் புதுசு இல்ல. நொச்சிக்காட்டுப் பக்கம் போனா, ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் வெட்டிவேர்க் கொல்லைன்னு பார்க்கலாம். ரெண்டும் மணலுக்கு ஏத்ததுதான். ஆனா குணம் வேற, வருமானம் வர்ற விதமும் வேற.

சவுக்கைப் பார்த்தா கொடைக்கானல் பைன் மரம் மாதிரியே இருக்கும். ஆனா அது பைன் இனம் இல்ல. பச்சையா ஊசி மாதிரி தொங்குதே, அது இலையே கிடையாது, மெல்லிசான கிளை. ஒண்ணைப் பறிச்சு இழுத்தா கணுக்கணுவா கழண்டு வரும். சின்ன வயசுல கழட்டி மறுபடி சொருகி, எங்க உடைஞ்சிருக்குன்னு கண்டுபிடின்னு விளையாடியிருப்போம். அந்தக் கணுவுல பல்லு பல்லா தெரியுது பாருங்க, அதுதான் நிஜ இலை. அவ்வளவு சின்ன இலை இருக்கிறதாலதான் உப்புக் காத்தையும் வெயிலையும் தாங்கி நிக்குது. வேர்ல முண்டு முண்டா இருக்கும். அதுல பிராங்கியான்னு ஒரு நுண்ணுயிர் இருந்து, காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு மரத்துக்குக் கொடுக்குது. மல்லாட்டை வேர்ல முடிச்சு இருக்கிற மாதிரிதான், உயிர் மட்டும் வேற. அதனால ஒண்ணுமில்லாத மணல்லகூட வளர்ந்துடும். முதல் கோடைக்கு மட்டும் தண்ணி ஊத்திக் காப்பாத்திட்டா போதும்.

வெட்டிவேர் புல்லு. மேல பார்த்தா நாணல் மாதிரி தூர் கட்டி நிக்கும், அழகாவும் இருக்கும். ஆனா சொத்து மண்ணுக்குக் கீழே. வேர் பக்கத்துல பரவாம நேரா கீழே இறங்கும், பத்தடிகூடப் போகும். நம்ம பக்கத்து வகை விதை போட்டு முளைக்கிறது இல்ல. தூரைப் பிரிச்சுத்தான் நடணும். அதனால கண்ட இடத்துல களையா முளைச்சுடுமோன்னு பயப்பட வேணாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கடன் வாங்குறோம். தவணை மாசா மாசம் கட்டணும். சவுக்கு வெட்ட மூணுல இருந்து அஞ்சு வருஷம் ஆகும். வெட்டிவேர் தோண்ட ஒரு வருஷம், ஒண்ணே கால் வருஷம். ரெண்டுமே மாசாமாசம் காசு தர்ற பயிர் இல்ல. அதனால ஆடோ, தையலோ, நூறு நாள் வேலையோ, தவணை கட்ட வேற ஒரு வழி கையில இல்லாம, கொல்லையை மட்டும் நம்பிக் கடன் எழுதாதீங்க. சேமிப்புல இருந்து நடுங்க. கடன்தான் வேணும்னா வெட்டிவேருக்கு வாங்குங்க, அதுவும் கொஞ்சமா. சவுக்குக்குக் கடன் வாங்கினா மரம் வளர்றதுக்குள்ள தவணை முடிஞ்சு போயிருக்கும். மரத்தால ஒரு ரூபா உதவி இருக்காது.

செலவும் அப்படித்தான். சவுக்குக்கு நடறப்ப செலவு, அப்புறம் பெரிசா ஒண்ணுமில்ல. வெட்ட வர்றவங்களே ஆள் கூட்டிக்கிட்டு வந்து, கழி, மிலாறு, கட்டைன்னு பிரிச்சு ஏத்திட்டுப் போயிடுவாங்க. சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் போகுது. வெட்டிவேர்ல கடைசியிலதான் செலவு. ஆழமா தோண்டி வேர் அறாம எடுக்கணும், மண்ணை உதறணும், அலசணும், நிழல்ல காய வைக்கணும். கூலிக்கு ஆள் விட்டா பாதிக் காசு அங்கேயே போயிடும். நாலு பேர் சேர்ந்து ஒருத்தர் கொல்லையில ஒருத்தர் மாத்தி மாத்தித் தோண்டினா கட்டுப்படியாகும்.

இன்னொண்ணு சொன்னா ஆம்பளைங்க கோச்சுக்கக் கூடாது. சவுக்கை மொத்தமா விலை பேசுறாங்க. அன்னைக்குக் கொல்லையில நின்னு பேசுறதும், பணத்தை எண்ணி வாங்குறதும் பெரும்பாலும் அவங்கதான். நாலு வருஷம் தண்ணி ஊத்தினவ அடுப்படியில டீ போட்டுக்கிட்டு இருப்பா. வேரை அலசிக் காய வைக்கிறதும், மாலை, விசிறி, தட்டி கட்டுறதும் நாமதான். கிலோ கிலோவா விக்கிறதால காசு நம்ம கைக்கு வருது. எனக்கு வெட்டிவேர் பிடிச்சதுக்கு வாசனை ஒரு காரணம், இது ரெண்டாவது காரணம். ஆனா வியாபாரி எடை போடறப்ப பக்கத்துலயே நில்லுங்க. ஈரம் இருக்குன்னு சொல்லி ஒருத்தர் எங்க வேர்ல கிலோவுக்குக் கொஞ்சம்னு கழிச்சார். அடுத்த தடவை நாங்களே குழுத் தராசுல போட்டு எழுதி வெச்சோம். அன்னைக்கு ஈரம் எங்க போச்சுன்னு தெரியல.

புயலையும் சொல்லணும். 2011 டிசம்பர் 30, தானே புயல். முந்திரி, பலா, சவுக்குன்னு எல்லாம் சாஞ்சதை இங்க இருக்கிறவங்க யாரும் மறக்கல. எல்லாத் தோப்பும் ஒரே நாள்ல விழுந்தா, விறகு விலைக்குக்கூட வாங்க ஆள் கிடைக்காது. புல்லு அடிச்ச காத்துக்குப் படுத்துட்டு எழுந்திரிச்சிடும், ரெண்டு நாள் தண்ணி நின்னாலும் தாங்கும். அதுக்காக சவுக்கே வேணாம்னு சொல்லல. சுனாமிக்கு அப்புறம் கரையோரத்துல காத்துத் தடுப்புக்குன்னு வெச்சதும் சவுக்குதான். ஆனா வீட்டுக்குப் பக்கத்துல வைக்கிறவங்க, மரம் எவ்வளவு உயரம் வருமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலா தூரம் விட்டு வையுங்க. கூரை வீடு, ஓட்டு வீட்டுக்காரங்க கட்டாயம்.

ரெண்டையும் சேர்த்து வைக்கலாமான்னு கேட்டாங்க. சவுக்குக்கு நடுவுல வெட்டிவேர் வேலைக்கு ஆகாது. அதுக்கு நல்ல வெயில் வேணும், நிழல்ல தூர் கட்டாது. சவுக்குச் சருகு மெத்தை மாதிரி விழுந்து மூடவும் மூடிடும். எங்க பதினஞ்சு சென்ட்ல வடக்கு வேலியோரம் மட்டும் சவுக்கு ரெண்டு வரிசை, மீதி முழுக்க வெட்டிவேர். வருஷத்துல பெரும்பாகம் சூரியன் தெக்கால சாஞ்சு போறதால மர நிழல் வேலிக்கு அந்தப் பக்கம் விழுது. அங்க அடுத்த வீட்டுப் பயிர் இல்ல, பாதைதான். இருந்திருந்தா சண்டை வந்திருக்கும். சவுக்கு, பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கிற வருஷம் வெட்டுற கணக்கு. அந்தக் காசு அவ படிப்புக்குன்னு குழு நோட்டுலயே எழுதி வெச்சுட்டேன். எழுதி வெச்சா வேற செலவுக்குக் கேக்க யோசிப்பாங்க.

கடைசியா குளக்கரை விஷயம். கரையில வெட்டிவேர் நட்டு வேரையும் எடுத்து விக்கலாம்னு போன கூட்டத்துல பேச்சு வந்துச்சு. அது வேணாம்னு கேட்டுக்கறேன். கரை கரையாம பிடிச்சு நிக்கிறதே அந்த வேர்தான். தோண்டினா மண் பொலபொலன்னு ஆகி, ஐப்பசி மழைக்குக் கரை போயிடும். கரையில ஒரு சாண் இடைவெளிக்கும் குறைச்சலா நெருக்கி வரிசையா நடுவோம், மேல புல்லை மட்டும் அறுத்து மாட்டுக்குப் போடுவோம். வேர் விக்கிறது கொல்லையோட இருக்கட்டும்.

நாத்து வேணுங்கிறவங்க எங்க வீட்டுக்கு வாங்க. அடுத்த மாசம் தோண்டுறோம். தூர் பிரிச்சதும் வெயில்ல போட்டா காஞ்சு போயிடும், அதனால ஈரச் சாக்கு ஒண்ணு கொண்டு வந்துடுங்க. காசு வேணாம், ஒரு நாள் தோண்ட வந்தா போதும்.