மொட்டை மாடிக்கு எந்தத் தொலைநோக்கி?

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

பிள்ளைகளுக்காக மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கி வைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தவறான ஒன்றை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன், அதுதான் என் தகுதி.

நான்கு வருடம் முன்பு பேரனுக்காக வாங்கினேன். 127 மி.மீ. கண்ணாடி, 1000 மி.மீ. குவியத் தூரம். ஆனால் குழாயோ அரை மீட்டர்தான். கணக்கு உதைக்கிறதே என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். குவியத் தூரம் ஒரு மீட்டர் என்றால் குழாயும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். பாதிதான் என்றால் உள்ளே ஒரு லென்ஸை வைத்து நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வகையில் கண்ணாடிகளை நேர்படுத்துவது பெரும்பாடு. சனிக்கிரகம் தேய்ந்த நாலணா மாதிரி தெரிந்தது.

தாங்கி 'ஈக்வடோரியல்' வகை. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். சென்னையில் அந்த நட்சத்திரம் வடக்கே 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. நமக்கு அதைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். நான் திருகிக்கொண்டே இருப்பேன், பேரன் "தூக்கம் வருது தாத்தா" என்று இறங்கிப் போய்விடுவான். பிறகு கேட்பதையே விட்டுவிட்டான். அது இப்போது பரணில்.

அதனால் நான் சொல்வது, மேசைமேல் வைக்கும் டாப்சோனியன். 130 மி.மீ. பரவளையக் கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம். கையால் தள்ளினால் திரும்பும். சின்னப் பிள்ளைக்கும் வரும். ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மலிவான 76 மி.மீ.யைவிட இது கிட்டத்தட்ட 3 மடங்கு ஒளி சேர்க்கும், 114 மி.மீ.யைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய பெரிய உருப்பெருக்கத்தைப் பார்க்காதீர்கள். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 65 மடங்கு; சனியின் வளையத்துக்கும் வியாழனின் 4 நிலவுகளுக்கும் அது போதும். நம் ஊர் வெளிச்சத்தில் மங்கலான விண்மீன் மண்டலங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

கீழே வைக்க ஆடாத மர ஸ்டூல் வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. பகலில் பூட்டி, சாவி பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். இதன் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

வாங்கினால் முதல் நாள் வரிசையில் பேரனையும் நிறுத்தலாம் என்று இருக்கிறேன். இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வருவானா, தெரியவில்லை.