பாலத்தடி மண்கூடு யாருடையது?

இன்னைக்குத் தகைவிலான் பத்திப் பேசலாம். அதுக்கு முன்னாடி என் தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன்.

எங்க ஊர் வாய்க்கால் பாலத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த அண்ணன், அடியில் இருந்த மண்கூட்டைக் காட்டி, "தட்டிடலாமா தம்பி?" என்று கேட்டார். மேலே பறந்ததை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, "தகைவிலான்தான், வடக்கே போயிருக்கும், பழைய கூடுண்ணே"ன்னு சொல்லிட்டேன். தட்டினார். உள்ளே குஞ்சுகள் இருந்தன.

தகைவிலான் இங்கே கூடே கட்டாது. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்து, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நம்ம ஊருக்கு வரும். ஏப்ரல் வாக்கில் திரும்பிடும். எடை சுமார் 20 கிராம்தான்.

அடையாளம் சுலபம். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், அதன் கீழே கருநீலப் பட்டை, வயிறு வெளுப்பு, முதுகு பளபளக்கும் கருநீலம். வாலை மட்டும் நம்பாதீங்க. இளம் பறவைக்கு நீண்ட வால் இறகுகள் இருக்காது.

பறந்து திரும்பும்போது வாலுக்கு மேலே செம்மஞ்சளாத் தெரிஞ்சா, அது செம்பிட்டத் தகைவிலான். அது இங்கேயே இருக்கிறது. குடுவை மாதிரி, குழாய் வாசல் வைத்த அந்த மண்கூடு அதனுடையதுதான்.

அதனால, பாலத்தடியில் மண்கூடு பார்த்தா காலியா இருக்கும்னு முடிவு பண்ணாதீங்க. பத்து நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க. இரையோட ஒரு பறவை உள்ளே போகுதா? அப்போ சுண்ணாம்பு காத்திருக்கட்டும்.