எடுப்பது இங்கே, பார்ப்பது எங்கே?

(திரைக்கலைக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலையின்றி இளைஞர் வாடுகின்றனர், இந்த வேளையில் சினிமாப் பேச்சு ஒரு கேடா என்று கேட்பவர் உண்டு. அவர்கட்கு ஒன்று சொல்வேன். படக்கொட்டகை பாமரர் பொழுதுபோக்கும் இடம் என்று பண்டிதர்கள் எண்ணியிருந்த காலத்தில், அது மக்கள் மன்றம் என்று கண்டுகொண்ட இயக்கம் இது. 1949-ல் 'வேலைக்காரி', 1952-ல் 'பராசக்தி'! ஆயிரம் மேடைகள் ஆற்றவேண்டிய பணியை அந்தத் திரை ஆற்றிற்று. ஆகவே, திரையிலே எது ஓடுகிறது என்பது மட்டுமல்ல, எது ஓடவிடப்படவில்லை என்பதும் நமக்கு அரசியல்தான்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் வாழும் படவிரும்பி ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாயகனின் கட்அவுட்டுக்குப் பாலூற்றுபவர் அல்லர் அவர். நல்ல படத்துக்காகக் காத்திருப்பவர். வெள்ளிக்கிழமை காலையில் நாளேட்டைப் புரட்டுகிறார். ஊரிலே திரைகள் பல. அத்தனையிலும் ஒரே நாயகன், ஒரே படம்! அவர் தேடும் சிறு படமோ பகல் காட்சி ஒன்றில் மட்டும். வேலைக்குப் போகிறவர் பகற்காட்சிக்கு எப்படிப் போவார்? ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்கிறார். ஞாயிறு வருகிறது, படம் போய்விடுகிறது! டிசம்பரிலே சென்னைத் திரைப்பட விழாவுக்கு விடுப்பெடுத்து, இரவுப் பேருந்தேறிப் போகிறார். ஆண்டின் பசியை ஒரு வாரத்தில் ஆற்றிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்கு.

தேர்தலிலே நிற்கும் சுயேச்சை வேட்பாளருக்குக்கூடச் சின்னம் ஒன்று உண்டு. வாக்குப்பதிவு எந்திரத்திலே பெயர் உண்டு. மக்கள் தள்ளினால் தள்ளட்டும், கொண்டால் கொள்ளட்டும் என்ற நீதி அங்கே இருக்கிறது. சுயேச்சைப் படத்துக்கு அந்த நீதி உண்டா? மக்கள் தள்ளவில்லை, தோழர்களே! மக்கள் முன் அது நிறுத்தப்படவே இல்லை!

சான்று வேண்டுமா? மதுரை மாவட்டத்து வறண்ட நிலத்திலே, வறுத்தெடுக்கும் வெயிலிலே நடக்கும் குடிகாரத் தந்தையும் அவன் மகனுமாக உருவானது பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவிலே புலி விருது பெற்றது. அதே ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பிலே தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் படம் கொட்டகைகளில் வெளியாகாமல், 2023 அக்டோபரில் இணையத் தளத்திலே வெளியாயிற்று. மதுரை மண்ணின் கதை, மதுரைக் கொட்டகைக்கு வரவில்லை. எடுப்பது இங்கே; பார்ப்பது எங்கே?

இன்று நேற்றுத் தோன்றிய நோயல்ல இது. ஜெயகாந்தன் நம் இயக்கத்தைக் கடுமையாகச் சாடியவர்தான். எனினும் மாற்றார் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டென அறிந்தவர்கள் நாம். சேரி மக்கள் வாழ்வை அவர் 1965-ல் 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக்கினார். தேசிய அளவிலே பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. கொட்டகைகளிலே போதிய இடம் கிடைக்கவில்லை.

கொட்டகைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. மின்கட்டணம், வரி, ஊழியர் ஊதியம் எல்லாம் கட்டவேண்டியவர் அவர். கூட்டம் வரும் படத்தைத்தான் போடுவார். குறை அவரிடம் அல்ல; கலையின் கதவுச் சாவியை வாணிபத்திடம் மட்டுமே ஒப்படைத்துவிட்ட ஏற்பாட்டில் இருக்கிறது.

"கைப்பேசியிலேதான் எல்லாம் கிடைக்கிறதே?" என்பார்கள். எல்லாமா கிடைக்கிறது? இணைய முதலாளி விலைகொடுத்து வாங்கியது கிடைக்கும்; வாங்காதது கிடைக்காது. கிடைப்பதையும் தனியனாய் மூலையில் அமர்ந்தல்லவா பார்க்கவேண்டும்? இந்த இயக்கம் எப்படி வளர்ந்தது? தேநீர்க் கடையிலே, முடிதிருத்தகத்திலே ஒருவர் ஏட்டைப் படிக்கப் பத்துப் பேர் கேட்டனர், கேட்டவர் பேசினர், பேசியவர் திரண்டனர். கூடிப் படித்ததால் இயக்கம் பிறந்தது. கூடிப் பார்த்தால்தான் சிந்தனை பிறக்கும்.

வழி உண்டா? உண்டு. மேற்கு வங்கத்திலே 1985-ல் கல்கத்தாவில் 'நந்தன்' திரைப்பட மையத்தை எழுப்பினார்கள். திறந்துவைத்தவர் சத்யஜித் ரே. கேரளத்திலே 1975-ல் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தோன்றியது. இன்று அரசுக்கே சொந்தமான கொட்டகைகள் அங்கே உள்ளன. 2024 மார்ச்சிலே அரசே இணையத் திரைத் தளமும் தொடங்கியது.

அரசு மட்டுமா? தமிழிலே 1977-ல் 'அக்ரகாரத்தில் கழுதை' தந்த ஜான் ஆபிரகாம், பின்னர்த் தோழர்களுடன் 'ஒடேசா' என்ற அமைப்பைக் கண்டார். ஊர் ஊராய்ப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, 1986-ல் மலையாளத்தில் 'அம்ம அறியான்' என்ற படத்தை முடித்தனர். மக்கள் பணத்தில் பிறந்த படம், மக்களிடமே போயிற்று!

இங்கே 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. புத்தகம் வாங்க வசதியற்றவனும் படிக்கவேண்டும் என்பதற்காக நூலக வரி கொடுக்கிறோம். படிக்கும் உரிமையை ஏற்ற நாடு, பார்க்கும் உரிமையை மறுக்கலாமா? சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்கு அரசு மானியம் உண்டு. எடுக்கப் பணம் கொடுத்துவிட்டுக் காட்ட இடம் கொடாதிருப்பது, விதைநெல் தந்துவிட்டு வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும். ஆளுவோர் யாராயினும் கேட்போம்: மாவட்டத்துக்கு ஒரு சிறு திரை வேண்டும்! நூறு இருக்கை போதும். மதுரையிலே 2023-ல் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் வாரம் ஒரு மாலை போதும்.

அரசு தரும்வரை நாம் கைகட்டி நிற்பதா? ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்களே, திங்களுக்கு ஒருமுறை அங்கே வெள்ளைத் துணி கட்டுங்கள். தணிக்கைச் சான்று பெற்ற படமாகப் பாருங்கள். எடுத்தவரிடம் முறையாக ஒப்புதல் பெற்று, உரிய தொகையைத் திரட்டிக் கொடுங்கள். திருட்டுப் படம் வேண்டாம். ஏழைக் கலைஞன் வயிற்றிலடித்துக் கலை வளராது. படம் முடிந்ததும் அரைமணி நேரம் பேசுங்கள். பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றே பேசுங்கள். அந்த உரிமையைத்தான் கேட்கிறோம்.

பார்த்தபின் தள்ளுவது மக்கள் தீர்ப்பு. பார்க்குமுன்பே தள்ளுவது யார் தீர்ப்பு? அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதும் பணி உங்கள் ஊர்ப் படிப்பகத்திலிருந்தே தொடங்கட்டும் என்று கேட்டு, விடைபெறுகிறேன்.