கரையேறிய கலம்



லண்டன் மாநகரின் கிரீனிச் பகுதியில், நீரில்லாத் துறையொன்றில் நிற்கும் 'கட்டி சார்க்' என்னும் பாய்மரக் கப்பலைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

சீனத் தேயிலையைப் பிறரினும் முந்திக் கொண்டு சேர்ப்பதற்காகவே ஜான் வில்லிஸ் என்னும் கப்பல் முதலாளி இதனைக் கட்டுவித்தார். இரும்புச் சட்டகத்தின்மேல் மரப்பலகை பொருத்திய கலம் இது. 1869 நவம்பரில் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறங்கிற்று. அதே மாதத்தில்தான் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது! நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியே சென்றுவிட, காற்றை நம்பிய கலங்களோ ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியதாயிற்று. பிறந்த மாதத்திலேயே பிழைப்புக்கு இடையூறு நேர்ந்த கப்பல் என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

1872இல் ஷாங்காயிலிருந்து 'தெர்மோபிலி' என்னும் கப்பலோடு போட்டியிட்டு வருகையில், இந்தியப் பெருங்கடலில் புயலுக்குச் சுக்கான் பறிபோயிற்று. அருகிலுள்ள துறைமுகத்தை நாடுமாறு கப்பலில் இருந்த முதலாளியின் தம்பி வற்புறுத்தினார். மீகாமன் மூடி அதற்கு இணங்கவில்லை. அலையாடும் தளத்திலேயே உலை மூட்டி, இருந்த மரத்தையும் இரும்பையும் கொண்டு புதுச் சுக்கான் செய்து மாட்டினர். ஏழு நாள் பிந்தியே லண்டன் சேர்ந்தனர். போட்டியில் தோற்றாலும், அக்கப்பலின் பெயர் நிலைத்தது இப்பயணத்தால்தான் என்பது நம் கருத்து.

தேயிலை கைவிட்டபின் ஆஸ்திரேலியக் கம்பளி கைகொடுத்தது. உட்ஜெட் என்பவரின் தலைமையில், 1885இல் சிட்னியிலிருந்து புறப்பட்டு 73 நாட்களில் இங்கிலாந்து வந்தடைந்தது. 1889இல் 'பிரிட்டானியா' என்னும் நீராவிக் கப்பலையே முந்திச் சென்றதாம். எனினும் வருவாய் குன்றவே, 1895இல் போர்த்துக்கீசியருக்கு விற்கப்பட்டு 'ஃபெரைரா' எனப் பெயர் மாறிற்று.

1922இல் புயலுக்கு ஒதுங்கி ஃபால்மத் துறைக்கு வந்த அக்கலத்தை, இளமையில் அதனைக் கடலில் கண்டு வியந்த டௌமன் என்னும் மீகாமன் விலைக்கு வாங்கினார். அவர் மறைந்தபின், 1938இல் அவருடைய துணைவியார் அதனை மாலுமிப் பயிற்சிக்கென நன்கொடையாக வழங்கினார். 1954இல் கிரீனிச் உலர்துறைக்குள் வந்து, 1957இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

கடலில் பிழைத்த கலம் கரையில் நலிந்தது என்பதே வியப்பு. ஊறிய உப்பு இரும்பை அரித்தது. சுற்றிலும் நீர் தாங்கிய உடலின் பாரமெல்லாம் அடிமரத்தின்மேல் விழ, வடிவமே குலைந்தது. இதனைச் சீர்செய்து கொண்டிருக்கையில், 2007 மே 21 அதிகாலையில் தீப்பற்றிற்று. இயங்கியபடி விடப்பட்ட துப்புரவு இயந்திரமே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. பாய்மரங்களும் பலகைகளுள் பலவும் பழுதுபார்ப்புக்காக முன்பே கழற்றி அகற்றப்பட்டிருந்தமையால் தப்பின.

2012இல் கப்பல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்பொழுது அது சுமார் மூன்று மீட்டர் உயர்த்தித் தாங்கப்பட்டுள்ளது. சுற்றிலும் கண்ணாடிக் கூரை. அக்கூரை கப்பலின் அழகை மறைக்கிறது என்று கட்டடக் கலைஞர் சிலர் கடுமையாகவே குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் வருவோர் அடிப்பாகத்தின் கீழே நடந்து சென்று, அன்று தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த அதே இரும்புச் சட்டகத்தை உள்ளிருந்து காண முடிகின்றது.