"ஒண்ணும் பண்ணாது சார்!"

(சங்கத்தின் ஞாயிறு சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடாவிட்டாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் கிளப் ஹவுஸுக்கு வந்திருப்பதைப் பார்த்தால், போன ஜெனரல் பாடிக்கு ஏன் கோரம் சேரவில்லை என்று செக்ரட்டரி சாருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் டேங்கர் பில்லுக்கு வராத கூட்டம் நாய்க்கு வந்திருக்கிறது.

விஷயம் தெரிந்ததுதான். இரண்டு வாரம் முன்பு பி பிளாக் லிஃப்டில் ஒரு லேப்ரடார், ஒரு சின்னப் பெண் மேல் தாவியது. கடிக்கவில்லை. குழந்தை பயந்து பின்னால் விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. அன்று ராத்திரி நம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை என் வீட்டுக்கு இரண்டு குழு வந்தது. முதலில் வந்தவர்கள், "டாக்டர், நாய்களை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்லுங்கள்" என்றார்கள். காபி டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அடுத்த குழு. "சட்டம் எங்கள் பக்கம், எங்களை யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று சொல்லுங்கள்." இன்று இரண்டு பேருக்கும் என் மேல் கோபம் வரப்போகிறது.

சட்டத்துக்குப் போகும் முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பலருக்கு அது தெரியாது.

நான்கு வருடம் முன்பு எங்கள் ராக்கி ஒரு கூரியர் தம்பியைக் கடித்தான். நாட்டு நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது, வீட்டில் எல்லோரிடமும் கொஞ்சுவான். மணி அடித்தது. கதவைப் பாதி திறந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் காலுக்கு இடையில் புகுந்து போய் அவர் ஆடுசதையில் ஒரே கடி. இரண்டு பல் நன்றாக இறங்கிவிட்டது. அந்தத் தம்பி சொன்ன முதல் வார்த்தை, "பரவாயில்லை சார், இன்னும் இருபது டெலிவரி இருக்கு."

குழாயடியில் உட்கார வைத்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். மனைவி மஞ்சள் தூள் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், வேண்டாம் என்று தடுத்தேன். மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள், மிளகாய்ப் பொடி எதையும் காயத்தில் வைக்கக்கூடாது. பிறகு ராக்கியின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ரேபிஸ் ஊசிக்கான தேதி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருடம் ஊரார் நாய்க்கெல்லாம் ஊசி போட்டவன், சொந்த நாய்க்குத் தேதியை மறந்துவிட்டேன்.

அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஆழமான கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அதோடு முதல் தடுப்பூசி. பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ஊசி இலவசம்தான், ஆனால் அந்தந்த நாள் அவருடைய கூலி போகிறது. அதை நான் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் மூன்றாவது ஊசிக்கு வந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பலர் அப்படித்தான், புண் ஆறியதும் நின்றுவிடுவார்கள். இந்த வைரஸ் புண்ணில் தங்குவதில்லை. நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது, வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே கிடையாது.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, முதல் நாளே ஆரம்பித்துவிட வேண்டும். அந்தப் பத்து நாளும் காலை எட்டு மணிக்கு அந்தத் தம்பி போன் செய்வார். "சார், நாய் சாப்பிட்டுச்சா?" என் பேரன் வயசு. நான் ஃபோனை வைத்துவிட்டுப் போய் ராக்கி தண்ணீர் குடிக்கிறானா என்று பார்ப்பேன்.

அவர் போலீஸுக்குப் போகவில்லை. போயிருந்தால் அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 289, இன்று பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291. தன் பொறுப்பில் உள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய் இதுவரை யாரையும் கடித்ததில்லை என்பதெல்லாம் அங்கே பதில் ஆகாது. கவனக்குறைவு இருந்ததா என்பதுதான் கேள்வி. எனக்கு இருந்தது.

இப்போது முதலில் வந்த குழுவுக்கு. இந்தக் குடியிருப்பில் நாய் வளர்க்கக்கூடாது என்று நம் சங்கம் தீர்மானம் போட முடியாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கை தூக்கினாலும் முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பெரிய நாய் கூடாது என்று அளவு வைத்துப் பிரிக்கக்கூடாது, குரைக்கிறது என்பதற்காக வெளியேற்றச் சொல்லக்கூடாது, வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு நியாயம் சொந்தக்காரருக்கு ஒரு நியாயம் கூடாது, லிஃப்டைத் தடுக்கக்கூடாது, லிஃப்டுக்கென்று தனிக் கட்டணமும் வாங்கக்கூடாது. கேரள உயர் நீதிமன்றம் 2021-ல், செல்லப்பிராணி கூடாது என்று சங்க விதியில் எழுதுவதே அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே "நாய்கள் படிக்கட்டில் மட்டும்" என்று பி பிளாக்கில் ஒட்டியிருக்கிற நோட்டீஸை இன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது. பதினோராவது மாடியில் மூட்டு வலியோடு ஒரு கிழ நாய் இருக்கிறது, அதை வளர்ப்பவருக்கு எழுபத்திரண்டு வயது.

கைதட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிகிறது. கொஞ்சம் இருங்கள், இனி உங்கள் முறை.

சென்னை கார்ப்பரேஷன் எல்லைக்குள் நாய் வளர்த்தால் லைசென்ஸ் கட்டாயம். ஆண்டுக்கு 50 ரூபாய், ஆன்லைனிலேயே எடுக்கலாம், ரேபிஸ் ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். 2025 கடைசியில் மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது. அரிசி மணி அளவு, தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைக்கிறார்கள். தொலைந்து போன நாயை ஸ்கேன் செய்தால் சொந்தக்காரர் யார் என்று தெரியும். கைவிட்டுப் போன நாயை ஸ்கேன் செய்தாலும் தெரியும். அதற்குக் கெடு வைத்து, நீட்டி நீட்டி டிசம்பர் 14 வரை கொடுத்தார்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புது லைசென்ஸே கிடையாது என்று 2025 டிசம்பரில் தீர்மானம் போட்டார்கள். புதிதாக வாங்கி வளர்த்தால் அபராதம் ஒரு லட்சம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வெளியே கூட்டிப்போகும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம்.

கார்ப்பரேஷன் சும்மா கெடுபிடி செய்கிறது என்று நினைக்க வேண்டாம். 2024 மே 5 அன்று ஆயிரம் விளக்கில், பூங்காவிலேயே தங்கி வேலை செய்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். கயிறு கையில் இருந்தாலும், பிடிக்கத் தெம்பில்லாதவர் கையில் இருந்தால் கயிறு இல்லாத மாதிரிதான்.

நம் குடியிருப்பில் முப்பது நாற்பது கிலோ நாயை யார் வாக்கிங் கூட்டிப்போகிறார்கள் என்று பாருங்கள். எட்டாவது படிக்கும் பையன். அல்லது பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, ஒரு கையில் குப்பைப் பை, இன்னொரு கையில் நாய். அந்த அக்காவை நாய் இழுத்துத் தள்ளினால், அல்லது அவர் கையிலிருக்கும்போது வேறு யாரையாவது கடித்தால், சட்டம் தேடி வருவது வளர்ப்பவரைத்தான். தயவுசெய்து அந்த வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்களால் முடியாது என்று நம்மிடம் சொல்லவும் முடியாது.

இன்னொன்று. "ஒண்ணும் பண்ணாது சார்!" இந்த வாக்கியத்தை நான் சர்வீஸில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கடித்த நாயைக் கொண்டுவந்த ஒவ்வொருவரும் இதைச் சொன்னவர்தான், நான் உட்பட. எதிரில் இருப்பவர் நாய்க்குப் பயப்படுகிறார் என்றால் அந்தப் பயம் நிஜம். அவரிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். லிஃப்டில் ஏற்கெனவே ஆள் இருந்தால், "வரலாமா?" என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த லிஃப்டில் போங்கள், இரண்டு நிமிடம். ஏறினால் நாயை மூலையில் நிறுத்தி, அதற்கும் ஆளுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். நீண்டு சுருங்கும் அந்த ரீல் கயிறு பூங்காவுக்குச் சரி, லிஃப்டுக்கு ஆகாது. ஒரு முழக் கயிறு போதும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. பி பிளாக்கில் இதைச் செய்திருந்தால் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

சறுக்கு மரத்துக்குப் பக்கத்து மணலில் நாய் அசிங்கம் கிடக்கிறது. அதில் வரும் புழு முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குழந்தை கையை வாயில் வைத்தால் உள்ளே போகும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரை கொடுங்கள், பழைய பேப்பரை எடுத்துப்போய் எடுத்துவிடுங்கள். எடுத்ததை நம் உரக்குழித் தொட்டியில் போடாதீர்கள். தோட்டக்காரர் அதைக் கையால்தான் கிளறுகிறார்.

பால்கனி நாய்களைப் பற்றி. ஏ பிளாக்கில் ஒரு நாய் பகல் முழுக்கக் குரைக்கிறது என்று பக்கத்து வீட்டு மாமி எழுதியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். காலை எட்டரைக்குப் பால்கனியில் கட்டிவிட்டு இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாலை ஏழுக்கு வருகிறார்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கிறது. அது குரைக்கவில்லை, கூப்பிடுகிறது. குட்டைச் சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். வளர்த்த நாயைக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அந்த 50 ரூபாய் உச்சவரம்பை யாரும் உயர்த்தவில்லை. அபராதம் சின்னது என்பதால் குற்றம் சின்னது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தம்பதியிடம் பேசிவிட்டேன். நாயை ஹாலில் விடுகிறார்கள், மதியம் ஒருவர் வந்து வெளியே கூட்டிப்போகிறார். மாமியிடம் கேட்டேன், பாதி குறைந்திருக்கிறது என்றார். மீதிப் பாதிக்கு அவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கேட் வாசல் தெரு நாய்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது தனிப் பேச்சுக்கான விஷயம், இன்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, அவற்றுக்கு உணவு வைக்க இடமும் நேரமும் குறிக்க வேண்டியது சங்கத்தின் வேலை. குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, குறித்த இடம் தவிரத் தெருவில் உணவு வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. நாம் இன்னும் இடம் குறிக்கவில்லை. அதனால்தான் ஆளாளுக்குப் பேஸ்மென்டில் சோறு வைக்கிறோம், பைக் சீட்டைக் கடிக்கிறது என்று திட்டவும் செய்கிறோம். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் 1913-இல் சொல்லலாம். குரூப்பில் ஒருவர் கோபத்தில் "விஷம்" என்று எழுதியிருந்தார், பிறகு அழித்துவிட்டார். பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பிரிவு 325, ஐந்து வருடம் வரை சிறை. அழித்ததே நல்லது.

நம் மூன்று பிளாக்கிலும் இருபத்தாறு நாய்கள் இருப்பதாக செக்யூரிட்டி கணக்குச் சொல்கிறார். ஊசித் தேதியோடு என்னிடம் விவரம் கொடுத்திருப்பவர்கள் ஒன்பது பேர். மற்ற பதினேழு பேரும் அடுத்த ஞாயிறு பத்து மணிக்குத் தடுப்பூசிப் புத்தகத்தோடு இங்கே வாருங்கள். தேதியைப் பார்த்துச் சொல்கிறேன், ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் இரண்டு பேர் லேப்டாப்போடு இருப்பார்கள். மைக்ரோசிப் வைக்க கார்ப்பரேஷன் மையத்துக்குத்தான் போக வேண்டும். நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை, புளியந்தோப்பு, திரு.வி.க. நகர், மீனம்பாக்கம் என்று இருக்கின்றன. நாயை அடுத்த ஞாயிறு இங்கே கூட்டி வர வேண்டாம், புத்தகம் போதும். பதினேழு நாய் ஒரே ஹாலில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பி பிளாக் லேப்ரடாரை வளர்ப்பவர் முன் வரிசையில் இருக்கிறார். குழந்தையின் அப்பாவும் வந்திருக்கிறார். அவர் ஏதோ கேட்கக் கை தூக்குகிறார், மைக்கை அவரிடம் கொடுங்கள் தம்பி.